மூன்று நிமிடத்தில் வந்து நான்காவது எபிசோடில் போய்விடும் நோய்கள்

டிவி தொடரில் பதினாறு வயதுப் பெண்ணுக்கு டிப்ரஷன் என்று காட்டவேண்டுமா? ஜன்னல் ஓரம் உட்கார வை, வெளியே மழையைக் கொட்டு, கன்னத்தில் ஒரு சொட்டு கண்ணீர், பின்னணியில் பியானோ. நாற்பது செகண்டில் வேலை முடிந்தது.

அந்த வயதில் மனச்சோர்வு பல நேரம் எரிச்சலாகத்தான் வெளியே வரும். இது என் அபிப்பிராயம் இல்லை. மனநல மருத்துவர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டிலேயே இருக்கிறது: பெரியவர்களிடம் சோகமான மனநிலையைத் தேடு, சிறுவர்களிடமும் டீன்ஏஜ் பிள்ளைகளிடமும் சோகத்துக்குப் பதில் எரிச்சல் இருந்தாலும் கணக்கில் எடு. அதையும் சேர்த்து தூக்கம், பசி, கவனம், களைப்பு என ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, குறைந்தது 2 வாரம், பெரும்பாலான நாட்களில். ஆனால் தொடரில் சிடுசிடுக்கும் பிள்ளைக்குக் கிடைப்பது 'திமிர் பிடித்தவள்' பாத்திரம். அதைப் பார்க்கும் பெற்றோர் வீட்டில் கண்ணீருக்காகக் காத்திருக்கிறார்கள். கதவை அறைந்து சாத்துவதும், எப்போதும் விளையாடும் விளையாட்டை விட்டதும், நண்பர்களின் மெசேஜுக்கு மூன்று வாரமாகப் பதில் போடாததும் அவர்கள் கணக்கில் சேர்வதே இல்லை.

எனக்கு இந்தத் தொடர்களோடு இருக்கும் பெரிய சண்டை, கால அளவு. நோயை ஒரு சம்பவமாக எழுதுகிறார்கள். அது நாட்களாலும் வாரங்களாலும் ஆனது.

அளவுமீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் துள்ளல், மதியம் அழுகை, இரவில் பாத்திரம் பறக்கிறது. உடனே ஒரு தோழி கிசுகிசுக்கிறாள், "அவளுக்கு பைபோலார்டி." மேனியா, அதாவது அந்த உற்சாக உச்சம், என்று சொல்ல, ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு முற்றாத பட்சத்தில், அந்த நிலை குறைந்தது 7 நாள் நீடிக்க வேண்டும். அதன் மிதமான வடிவத்துக்கே 4 நாள். மருத்துவத்தில் 'வேகமாக மாறும் வகை' என்று ஒன்று உண்டு. அந்த 'வேகம்' எவ்வளவு தெரியுமா? 12 மாதத்தில் குறைந்தது 4 முறை. நம் கதாசிரியர்கள் விளம்பர இடைவேளைக்குள் அதை முடித்துவிடுகிறார்கள். மேனியாவின் உண்மையான அடையாளமான தூக்கக் குறைவை எவரும் எழுதுவதில்லை. மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு, களைப்பே இல்லாமல் விடியற்காலை அலமாரியைப் பிரித்து அடுக்கும் பையனைக் காட்டினாலே போதும்.

மாத்திரை விஷயத்தில் இன்னும் மோசம். திங்கட்கிழமை மாத்திரை, வெள்ளிக்கிழமை புன்னகை. மனச்சோர்வுக்கான மாத்திரை சரியாக வேலை செய்ய 4 முதல் 6 வாரம் ஆகும். பக்க விளைவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும்: குமட்டல், தலைவலி, தூக்கம் கெடுவது. பலன் தெரியும் முன்பே தொந்தரவு தெரிவதால்தான் பிள்ளைகள் நடுவில் நிறுத்துகிறார்கள். 2004-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மாத்திரைகளின் மேல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையான 'கறுப்புக் கட்ட' எச்சரிக்கையைப் போட வைத்தது. பரிசோதனைகளில் மருந்து எடுத்த பிள்ளைகளில் சுமார் 4 சதவீதம் பேருக்குத் தற்கொலை எண்ணம் அல்லது அதையொட்டிய நடத்தை தெரிந்தது, ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 2 சதவீதம். அந்தப் பரிசோதனைகளில் யாரும் இறக்கவில்லை. மாத்திரையே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை, முதல் சில வாரம் அடிக்கடி டாக்டரைப் பார்க்கவேண்டும் என்று அர்த்தம். ஆனால் கதாநாயகி மாத்திரையை டாய்லெட்டில் கொட்டுவதை விடுதலையாகப் படம் பிடிக்கிறார்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் வரலாம், நோயும் திரும்பலாம். குணமான பிறகும் 6 முதல் 12 மாதம் தொடரச் சொல்வது வழக்கம்.

ஆர்ப்பாட்டம் செய்யும் பிள்ளைக்கு ஊசி போட்டதும் கயிறு அறுந்த பொம்மை மாதிரி சரிகிறாளே, அதுவும் கிடையாது. தசையில் போடும் ஊசி பிடிக்கப் பல நிமிடங்கள் ஆகும், அரை மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை யாராவது பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல நடிகர்களுக்கு அந்த அரை மணி நேரம் விருந்து. கட் பண்ணிவிடுகிறார்கள்.

திடீரென்று கடும் பயம் தாக்கும் பேனிக் அட்டாக் மட்டும்தான் உண்மையிலேயே தொடரின் வேகத்துக்கு ஏற்றது. சில நிமிடங்களில் உச்சம் தொட்டுத் தானாகவே இறங்கும். அதையும் காகிதப் பையைக் கொடுத்துக் கெடுக்கிறார்கள். பையில் மூச்சு விடுவதை இப்போது பரிந்துரைப்பதில்லை. உள்ளே இருப்பது ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ என்றால் அது ஆபத்து.

வேண்டாத எண்ணம் வந்து குத்த, அதை அடக்க ஒரே செயலைத் திரும்பத்திரும்பச் செய்ய வைக்கும் ஓசிடி பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்லவேண்டியிருக்கிறது. பென்சிலை வரிசையாக அடுக்கும் சிரிப்புப் பாத்திரம் எல்லோருக்கும் பழகிவிட்டது. நிஜத்தில், கண்டறிவதற்கான அளவுகோலே நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் அதில் போகிறதா, அல்லது படிப்பும் உறவும் கெடுகிறதா என்பதுதான். அதிலும் நிறையப் பிள்ளைகளுக்குச் சுத்தம் பிரச்சினையே இல்லை. 'தம்பியை நானே ஏதாவது செய்துவிடுவேனோ' என்று விரும்பாத எண்ணம் வந்து குத்தும். அதை அழிக்க மனசுக்குள் எண்ணுவார்கள், வேண்டுவார்கள், அம்மாவிடம் "ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று நாற்பது தடவை கேட்பார்கள். வெளியே எதுவும் தெரியாது.

சிகிச்சை எப்படி நடக்கும் என்றால், பயங்களை எழுதி 0 முதல் 100 வரை மார்க் போடுவார்கள். சொந்த வீட்டுக் கதவுக் கைப்பிடி 30, பள்ளிக் கழிப்பறைக் குழாய் 85. முப்பதில் இருந்து தொடங்குவார்கள். பிள்ளை கைப்பிடியைத் தொட வேண்டும், தொட்டபின் கை கழுவக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை "இப்ப எவ்வளவு?" என்று கேட்பார் சிகிச்சையாளர். 30, 35, 25, 25, 15. வாரம் ஒரு முறை, 12 முதல் 16 அமர்வு, நடுவில் தினமும் வீட்டுப்பாடம். இது எங்கே சறுக்கும்? வீட்டில். பிள்ளை துடிப்பதைப் பார்க்க முடியாமல் அப்பா "போய்க் கழுவிட்டு வாடா" என்பார். அன்றைய உழைப்பு அவ்வளவும் குழாயில் போய்விடும். அந்தக் கை, அந்தக் கைப்பிடி, வாசலில் நிற்கும் அப்பா: இதைவிட நாடகம் எங்கே கிடைக்கும்? நமக்குக் கிடைப்பதோ சோபாவில் கால்மேல் கால் போட்ட டாக்டரும் "உன் குழந்தைப் பருவத்தைப் பத்தி சொல்லு" வசனமும்.

(காதலன் வந்து அணைத்ததும் நோய் போகிற கதைக்கு ஒரு பத்தி ஒதுக்க எனக்குப் பொறுமை இல்லை.)

தற்கொலை பற்றிய தொடர் என்றால் பேச்சு, தற்கொலை செய்துகொண்ட பள்ளி மாணவி விட்டுச்சென்ற கேசட்டுகளைப் பற்றிய நெட்ஃபிளிக்ஸ் தொடரான '13 ரீசன்ஸ் வொய்' பக்கம் போகாமல் இருக்காது. 2017 மார்ச் 31-ல் வந்தது. முதல் சீசனின் தற்கொலைக் காட்சியை 2019 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸே வெட்டியது. வெளியான அடுத்த மாதம் அமெரிக்காவில் 10 முதல் 17 வயதினரின் தற்கொலை கூடியதாக ஓர் ஆய்வு சொன்னது. கூடியது முக்கியமாகப் பையன்களிடம் என்பதால் தொடர்தான் காரணமா என்று ஆய்வாளர்களுக்குள் சண்டை நடந்தது. அந்தச் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். வெட்டிய பிறகும் எனக்கு உறுத்துவது அதன் கட்டமைப்பு. இறந்த பெண் கேசட்டில் பேசப்பேச ஊரே காது கொடுத்துக் கேட்கிறது. உயிரோடு கவுன்சிலரிடம் போனபோது கேட்கவில்லை. செத்தால்தான் பேச்சு எடுபடும் என்று பதின்மூன்று மணி நேரம் சொல்லிவிட்டு, கடைசியில் ஹெல்ப்லைன் நம்பர் போட்டு என்ன பயன்? நெருக்கடியைத் தாண்டி வந்தவர்களின் கதை பாதுகாக்கும் என்பதற்கும் ஆய்வு உண்டு. 'பாபகேனோ விளைவு' என்று பெயர். அதற்கு நெருக்கடியைத் தாண்டும் வழியைப் படிப்படியாகக் காட்ட வேண்டும்.

அந்தப் படிகள் தொடங்கும் இடத்தில்தான் நம் தொடர்கள் முடிகின்றன: ஆஸ்பத்திரி வாசல், அணைப்பு, எண்ட் கார்டு. டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய முதல் வாரங்கள்தான் ஆபத்து மிகுந்தவை. அப்போது கையில் இருக்க வேண்டியது ஒரு தாள். எனக்கு மோசமாகிறது என்பதன் அறிகுறிகள் என்ன, தனியாக என்ன செய்து சமாளிப்பேன், யாரோடு இருந்தால் கவனம் மாறும், யாரிடம் உதவி கேட்பேன், எந்த டாக்டரைக் கூப்பிடுவேன், வீட்டில் எதை அகற்றி வைப்பது. ஆறு பகுதி, பிள்ளையின் சொந்த வார்த்தையில், சொந்தக் கையெழுத்தில். ஆறாவதற்காக மாத்திரைகள் பூட்டிய பெட்டிக்குப் போகும், சாவி அம்மாவிடம். இரவு அம்மா அன்றைய மாத்திரையை மட்டும் எடுத்துக் கொடுக்கும்போது பெண் கேட்பாள், "என்னை நம்பலையாம்மா?"

அம்மா என்ன சொல்கிறாள் என்பதை வைத்தே ஒரு முழு எபிசோட் எழுதலாம்.