பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இதைப் படியுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் என் போன் ஓயாது. "அக்கா, பாப்பா 541 எடுத்திருக்கா, ஸ்காலர்ஷிப் ஏதாவது கிடைக்குமா?" வடசென்னையில் காசிமேட்டிலிருந்து, கொருக்குப்பேட்டையிலிருந்து, புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து என்று வரிசையாக இதே கேள்வி. நானும் எல்லாரிடமும் ஒரே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்பேன். "வருமானச் சான்றிதழ் எடுத்து வச்சிருக்கீங்களா?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது.

நான் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். ஏழு வருடமாக ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் மொட்டை மாடியில் ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறேன். இத்தனை வருடத்தில் மார்க் போதாமல் பணத்தை இழந்த பிள்ளைகள் கொஞ்சம்தான். காகிதம் சரியில்லாமலும் தேதி தெரியாமலும் இழந்தவர்கள்தான் அதிகம். உதவித்தொகை தேடுகிற வேலையை ரிசல்ட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளாதீர்கள், பிளஸ் ஒன்னில் தொடங்குங்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

எனக்கே நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். 2009-ல் நான் கல்லூரியில் முதல் வருடம் சேர்ந்தேன். ஆபீஸ் வாசலில் கண்ணாடி போட்ட நோட்டீஸ் போர்டு ஒன்று உண்டு. ஒரு நாள் பஸ் பாஸுக்காக வரிசையில் நின்றபோது அதில் ஒட்டியிருந்த ஒரு தாளைப் படித்தேன். என் மார்க்குக்கும் எங்கள் வீட்டு வருமானத்துக்கும் அளவெடுத்துத் தைத்தது போல ஓர் உதவித்தொகை. கடைசித் தேதி முந்தாநாள் முடிந்திருந்தது. உள்ளே போய்க் கேட்டதற்கு, "போர்டுல போட்டுட்டோமேம்மா" என்று மட்டும் சொன்னார்கள். அந்த வருடக் கட்டணத்துக்கு அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. மீட்க மூன்று வருடம் ஆனது. கல்யாண வீடுகளுக்கு வேப்பங்குச்சி போட்ட காதோடு அம்மா போனதை நான் இன்னும் மறக்கவில்லை.

இப்போது நோட்டீஸ் போர்டு போய் போர்ட்டல் வந்திருக்கிறது. தகவல் கையிலேயே இருக்கிறது என்கிறார்கள். போன் கையில் இருக்கிறது, சரி. எந்தப் பெயரைத் தேட வேண்டும் என்று சொல்ல வீட்டில் ஆள் வேண்டுமே! படித்த அண்ணனோ மாமாவோ இருக்கிற வீட்டுக்கு அது தானாகப் போய்ச் சேர்கிறது. முதல் முறையாகக் கல்லூரி வாசலைப் பார்க்கிற வீட்டுக்குப் போவதில்லை.

முதலில் காகிதம். ஜாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று ஒவ்வொருவராகக் கையெழுத்து நகர வேண்டும். மே, ஜூன் மாதத்தில் ஊரே அதற்காக வரிசையில் நிற்கும். அப்போது போய் "நாளைக்கே வேணும்" என்றால் யாரும் தரமாட்டார்கள். வருமானச் சான்றிதழை மட்டும் நடப்பு ஆண்டுக்குப் புதிதாக எடுக்க வேண்டிவரும். மற்றவற்றைப் பிளஸ் ஒன் விடுமுறையிலேயே வாங்கி வைத்துவிடலாம்.

அதைவிடப் பெரிய தலைவலி பெயர். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். போன வருடம் வந்த ஒரு பையனின் மார்க் ஷீட்டில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து. ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால். வங்கிப் பாஸ்புக்கில் தாத்தா பெயரையும் சேர்த்து முன்னால் இரண்டு எழுத்து. பையன் ஒருத்தன்தான், கம்ப்யூட்டருக்கு மட்டும் மூன்று பேர். ஆதாரைத் திருத்தி, அதைக் கொண்டுபோய் வங்கியில் மாற்றி முடிப்பதற்குள் கல்லூரி அளவிலான சரிபார்ப்பே முடிந்துவிட்டது. 91 சதவீதம் எடுத்த பையன். மாடிப்படியில் உட்கார்ந்து மூன்று தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் கைக்கு வந்த வாரமே அதையும் ஆதாரையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

அப்புறம் வங்கிக் கணக்கு. ஆதார் எண்ணை வங்கியில் கொடுத்துவிட்டாலே போதும் என்று நினைக்கிறோம். அரசுப் பணம் ஆதார் வழியாக வரும்போது, வங்கிகளுக்கு நடுவே பணம் கைமாறுவதைப் பார்த்துக்கொள்ளும் என்பிசிஐ (NPCI) அமைப்பில் எந்தக் கணக்கு இணைந்திருக்கிறதோ அதற்குத்தான் போகும். பள்ளியில் படிக்கும்போது ஜீரோ பேலன்ஸில் ஒரு கணக்கு தொடங்கியிருப்பார்கள், பிறகு கல்லூரிக்கு வேறு கணக்கு. ஒரு பெண்ணுக்குப் பணம் ஏறிவிட்டதாகத் திரையில் காட்டியது, பாஸ்புக்கில் மட்டும் இல்லை. மூன்று வாரம் அலைந்த பிறகு, எட்டாம் வகுப்பில் தொடங்கி மறந்தேபோன கணக்கில் அது இருப்பது தெரிந்தது. வங்கிக்குப் போகும்போது "ஆதார் லிங்க் ஆயிருக்கா" என்று மட்டும் கேட்காதீர்கள். "டிபிடி பணம் இந்தக் கணக்குக்குத்தான் வருமா" என்று கேளுங்கள். டிபிடி என்றால் அரசு நேரடியாகக் கணக்கில் போடுகிற பணம்.

பிளஸ் டூவுக்கு முன்பே எழுத வேண்டிய தேர்வுகளே இரண்டு இருக்கின்றன. முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பாடத்திலிருந்து கேள்வி வரும். 500 மாணவர், 500 மாணவியரைத் தேர்ந்தெடுத்து, இளநிலைப் பட்டம் முடிக்கும்வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய் தரும் திட்டம் அது. இன்னொன்று தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு வருடத்துக்கு. இதில் பாதி இடம் அரசுப் பள்ளிகளுக்கு, மீதிக்குத் தனியார் பள்ளிப் பிள்ளைகளும் எழுதலாம். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை ஒழுங்காகப் படித்தவர்கள் தைரியமாக உட்காரலாம். இந்த இரண்டையும் கேள்விப்படாமலே பிளஸ் ஒன்னைத் தாண்டிவிட்ட பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். பிளஸ் டூ வந்துவிட்டால் அந்தக் கதவு மூடியாயிற்று.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு மத்திய அரசின் தேசிய உதவித்தொகை இணையதளத்தில், கல்லூரி மாணவர்களுக்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது. பிளஸ் டூவில் தேறியவர்களில் மேலேயிருந்து நூற்றுக்கு இருபது பேருக்குள் இருக்க வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. பட்டப்படிப்பின் முதல் மூன்று ஆண்டுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். அதை வாங்குகிறவர்கள் வேறு உதவித்தொகை வாங்கக் கூடாது என்பதையும் கவனியுங்கள். பொறியியலோ டிப்ளமோவோ சேர்கிற பெண்களுக்கு தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇயின் (AICTE) பிரகதி உதவித்தொகை, ஆண்டுக்கு 50,000. வருமான வரம்பு 8 லட்சம் என்பதால், "நமக்கெல்லாம் தரமாட்டாங்க" என்று ஒதுங்குகிற நடுத்தரக் குடும்பங்களுக்கும் அது பொருந்தும். இருந்தும் எங்கள் பக்கத்தில் கேட்டால் பத்து வீட்டில் ஒரு வீட்டுக்குக்கூட இந்தப் பெயர் தெரியவில்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம். தொழிற்படிப்பு என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. ஏழாம் வகுப்பில் மட்டும் ஒரு வருடம் தனியார் பள்ளிக்கு மாற்றி, திரும்பக் கொண்டுவந்து சேர்த்த ஒரு குடும்பத்துக்கு இந்த ஒதுக்கீடு கைநழுவிப் போனது. மாற்றும்போது அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. முதல் பட்டதாரிச் சலுகையும் இப்படித்தான். பொறியியலில் கலந்தாய்வு மூலம் சேர்ந்தால்தான் அது உண்டு. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் வாங்கிவிட்டுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சென்னைப் பிள்ளைகள் தவறவிடக் கூடாதது சென்னைப் பல்கலைக்கழகத்தின் இலவசக் கல்வித் திட்டம். அதன் கீழ் வரும் கல்லூரிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்குகிறார்கள். ஆதரவற்றவர்களுக்கும், கணவரை இழந்த பெண்களின் பிள்ளைகளுக்கும், முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கும் முன்னுரிமை. ரிசல்ட் வந்த கையோடு விண்ணப்பிக்க வேண்டும், அவகாசம் குறைவு. காகிதம் தயாராக இருக்கிற வீடுதான் அந்தத் தேதிக்குள் போய் நிற்க முடியும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உதவித்தொகைப் பணம் ஜூன் மாதக் கட்டணத்துக்கு வந்து சேராது. விண்ணப்பம் திறந்து, கல்லூரி சரிபார்த்து, மேலே போய் வருவதற்குள் பல மாதம் ஆகிவிடும். மீன்பிடித் துறைமுகம் இருக்கிற காசிமேட்டில் இது எவ்வளவு கொடுமை என்று பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, படகில் பங்குக்குப் போகிறவர் வீட்டில் வரவே இல்லை. ரிசல்ட், அட்மிஷன், முதல் கட்டணம் மூன்றும் அந்த நாட்களில்தான் வருகின்றன. வீடு காலியாக இருக்கும் நேரத்தில் வாங்கும் கந்துவட்டியை, பிறகு வருகிற உதவித்தொகையால் அடைக்க முடிவதில்லை. கல்லூரிகள் மனது வைத்தால் இதற்கு வழி உண்டு. விண்ணப்ப எண்ணைக் காட்டினால் கட்டணத்தைத் தவணையாக வாங்கிக்கொள்ளலாம். கேட்டால் செய்கிற கல்லூரிகள் இருக்கின்றன. கூச்சப்படாமல் எழுத்தில் கேளுங்கள்.

அறக்கட்டளைகள் விஷயத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அகரம் அறக்கட்டளையின் விதை திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பார்த்துப் பேசித் தேர்ந்தெடுக்கிறார்கள். வித்யாதன் உதவித்தொகைத் திட்டம் பத்தாம் வகுப்பு முடித்தவர்களிலிருந்தே எடுக்கிறது. ரிலையன்ஸ் அறக்கட்டளை முதல் ஆண்டு கல்லூரி மாணவர்கள் 5,000 பேருக்கு, படிப்பு முடியும்வரை மொத்தமாக 2 லட்சம் வரை தருகிறது, அதற்கு ஆன்லைன் தேர்வும் உண்டு. இப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் உன்னைப் பற்றி எழுது என்பார்கள். நம் பிள்ளைகள் எழுதுவது என்ன? "நான் மிகவும் ஏழ்மையான குடும்பத்தைச் சேர்ந்தவள். தாங்கள் மனமிரங்கி உதவி செய்ய வேண்டுமெனத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." எல்லாத் தாளிலும் இதே இரண்டு வரி. கெஞ்சத்தான் நாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

காசிமேட்டுப் பெண் ஒருத்தி இப்படித்தான் எழுதிக் கொண்டுவந்தாள். "காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்ப?" என்று கேட்டேன். மூன்றரைக்கு. அம்மாவோடு மீன் ஏலத்துக்குப் போவாள். எந்தக் கூடை எவ்வளவுக்கு எடுத்தது, ஐஸுக்கு எவ்வளவு, ஆட்டோவுக்கு எவ்வளவு, யார் கடன் சொன்னது எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் இருக்கும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவள்தான் எழுதுகிறாள். எந்தக் கிழமை வஞ்சிரம் வாங்கினால் நட்டம் என்று அந்த நோட்டைப் பார்த்து அம்மாவுக்குச் சொல்கிறாள். சேர விரும்பியது பி.காம்! "இதை எழுதும்மா" என்றேன். "இதெல்லாமா அக்கா எழுதுவாங்க?" என்று கேட்டாள். எழுதினாள். நேர்காணலுக்கு அந்த நோட்டையும் எடுத்துப் போனாள். கேட்டவர்கள் அரை மணி நேரம் நோட்டையே புரட்டிக்கொண்டிருந்தார்களாம். உதவித்தொகை கிடைத்தது.

பணம் கேட்டால் மட்டும் விலகிவிடுங்கள். உதவித்தொகை தருகிறவர்கள் முன்பணம் கேட்கமாட்டார்கள், ஓடிபியும் கேட்கமாட்டார்கள். வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பை அழுத்தாமல், அந்த அமைப்பின் சொந்த இணையதளத்துக்குப் போய்ப் பாருங்கள்.

பள்ளிகளிடம் நான் கேட்பது சின்ன விஷயம். பிளஸ் ஒன் வகுப்புக்கு மாதம் ஒரு பீரியட் கொடுங்கள். ஓர் ஆசிரியர், ஒரு பதிவேடு. எந்தப் பிள்ளையிடம் எந்தச் சான்றிதழ் இருக்கிறது, யார் பெயரில் எழுத்து மாறியிருக்கிறது, எந்தத் தேர்வுக்கு யார் பதிந்தார்கள். செய்முறைத் தேர்வுக்கு ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க எத்தனை அக்கறை காட்டுகிறோமோ, அதில் பாதி இதற்குப் போதும். பதினாறு வயதுப் பிள்ளை தானே தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது நியாயமில்லை.

நோட்டு எழுதிய அந்தக் காசிமேட்டுப் பெண் இப்போது இரண்டாம் ஆண்டு. அவள் தங்கை இந்த ஜூனில் பிளஸ் ஒன் சேர்ந்திருக்கிறாள். போன ஞாயிறு அக்காதான் அவளைக் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிவந்தாள். மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஆதாரில் ஓர் எழுத்து இடம் மாறியிருக்கிறது. சனிக்கிழமை காலை அவளையும் அவள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஆதார் மையத்துக்குப் போகிறேன்.