கப்பலுக்குப் போகப்போற என் மருமகனுக்கு

லண்டனில் இருக்கும் அக்காவின் மகன் போன கிழமை இரவு போன் எடுத்தான். குருப்பட்டம் பெற்று ஆறு வருஷமாகிறது. "மாமா, பிரிட்டிஷ் நேவியிலை சப்ளினாச் சேரக் கேட்டு எழுதப்போறன். அம்மா அழுறா. நீங்கள் என்ன சொல்லுறியள்?"

சப்ளின் என்றால் படையினரோடு கூட இருந்து பணி செய்யும் குரு. எனக்கு உடனே ஒன்றும் சொல்ல வரவில்லை. யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் வளர்ந்தவனுக்குச் சீருடையையும் சிலுவையையும் ஒரே ஆளில் பார்ப்பது லேசில்லை. நாலு நாள் யோசித்ததை இங்கே எழுதுகிறேன். அவனும் வாசிப்பான்.

அந்த நாட்டுப் படையில் சப்ளினைப் 'பாட்றே' என்றுதான் கூப்பிடுவார்கள். போர்த்துக்கேயர் எங்களிடம் விட்டுப்போன 'பாதிரி' என்ற அதே சொல். அவர் ஆயுதம் தூக்குவதில்லை. 1949 ஜெனீவா உடன்படிக்கை அவரை மருத்துவரோடு சேர்த்துப் பாதுகாக்கிறது. பிரிட்டிஷ் கடற்படையில் அவருக்குத் தனிப் பதவித்தரமும் கிடையாது. யாரோடு கதைக்கிறாரோ அவருடைய தரம்தான் அவருக்கும். குசினியில் நிற்கும் பொடியனோடு கதைத்தால் அவனுக்குச் சமம், கப்டனோடு கதைத்தால் கப்டனுக்குச் சமம். பொடியனுக்குச் சமம் என்பதைத்தான் எல்லாரும் மெச்சுவார்கள். என் மனம் கப்டனில்தான் நிற்கிறது.

காயப்பட்டவனோடு கூட இருப்பது முதல் கடமை, அதில் மறுபேச்சில்லை. கொரிய யுத்தத்தில் எமில் கப்பவுன் என்ற அமெரிக்கக் கத்தோலிக்கக் குரு, தப்பிப்போக வழியிருந்தும் காயக்காரரை விட்டுப் போகாமல் பிடிபட்டார். சிறைமுகாமில் பட்டினி கிடந்தவர்களுக்காகச் சாப்பாடு களவெடுத்தார். இயேசுவோடு சிலுவையில் தொங்கிய நல்ல கள்வனிடம் செபித்துவிட்டுத்தான் களவெடுக்கப் போவாராம். 1951 மே மாதம் அங்கேயே செத்துப்போனார், வயது 35. எந்தப் படையில் இருந்தாலும் இப்படி ஒரு சுவாமியாரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஆனால் எனக்கு நித்திரை வராமல் செய்பவர் இன்னொருவர். ஜோர்ஜ் சபெல்கா. 1945இல் பசிபிக் கடலின் தீனியன் தீவில், ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு போட்ட விமானப் படையினருக்குக் கத்தோலிக்கச் சப்ளினாக இருந்தவர். பூசை வைத்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார். பொடியளில் அன்பில்லாதவர் என்று யாரும் சொல்ல ஏலாது. சனங்களின் தலையில் குண்டு போடுவது பாவம் என்று மட்டும் அவர் ஒரு பிரசங்கத்திலும் சொல்லவில்லை. நாகசாகியில் குண்டு வெடித்தது உறாக்கமி கதீட்றலுக்குக் கிட்ட. அங்கேயும் பாவசங்கீர்த்தனத்துக்குச் சனம் வந்திருந்தது. பின்னாளில் சபெல்கா தன் மௌனத்தை வெளிப்படையாக ஒத்துக்கொண்டு, யுத்தத்துக்கு எதிராகவே பேசித் திரிந்தார்.

இதை வாசிக்கிறபோதெல்லாம் எனக்கு யாழ்ப்பாணத்து நவாலிதான் கண்ணுக்குள் வரும். 1995 ஜூலை 9. கோயில்களிலும் தேவாலயங்களிலும் போய் இருங்கோ என்று சொல்லப்பட்டதை நம்பி, இடம்பெயர்ந்த சனம் சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் பக்கத்து முருகன் கோயிலிலும் ஒதுங்கியிருந்தது. வானத்திலிருந்து குண்டு விழுந்தது. 100 பேருக்கு மேல் செத்தார்கள், குழந்தைகளும்தான். அந்த விமானம் கிளம்பிய இடத்தில் எந்தச் சமயத்துத் துறவியாவது இருந்தாரா, இருந்து ஒரு சொல் சொன்னாரா என்று இண்டைக்கும் யோசிக்கிறேன்.

ஆகவே மருமோன், நான் உன்னைத் தடுக்கமாட்டன். இருபது வயசுப் பொடியன் நடுக்கடலில் இரவு அழுதால் பக்கத்தில் இருக்க ஒரு ஆள் வேணும், அது நீயாக இருக்கட்டும். ஆனால் அவன் எய்கிற குண்டு விழுகிற இடத்திலும் ஆக்கள் இருக்கினம். அவையின்ரை பேரால் கப்டனிட்டைப் போய்க் கதைக்கிற ஆளும் நீதான், உன்னை வேலைக்கு எடுக்கிறவை அதை உன்னட்டைக் கேட்கமாட்டினம் எண்டாலும்.

நேற்று இரவு இதையே போனிலும் சொன்னேன். கனநேரம் பேசாமல் இருந்தான். கையெழுத்து வைக்க முதல் ஒருக்கா ஊருக்கு வா, நவாலிக்குப் போவம் என்றேன். ஜூலை 9ஆம் திகதிப் பூசைக்கு நிற்கிற மாதிரி டிக்கெற் போடுறன் மாமா என்றான்.