ஒஹாயோ ஸ்டேட் மேட்ச்ச கேன்சல் பண்ணுங்கன்னு சொல்றவங்களுக்கு

ஞாயித்துக்கிழமைல இருந்து பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டேன். அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால்ல 2025 சீசனோட ப்ளேஆஃப்க்கு (சாம்பியன முடிவு பண்ற கடைசிப் போட்டி) கமிட்டி தேர்ந்தெடுத்த டீம் லிஸ்ட் வந்துச்சு, நம்ம டெக்ஸஸ் யுனிவர்சிட்டி பேரு இல்ல, 13-வது இடம். வருத்தம் எல்லாருக்கும்தான், எனக்கும் அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல. ஆனா அதுக்கப்புறம் நம்ம ஆளுங்களே, அதுவும் இத்தன வருஷமா என் பக்கத்துல உக்காந்து மேட்ச் பாத்தவங்களே, "அடுத்த செப்டம்பர் ஒஹாயோ ஸ்டேட் மேட்ச்ச கேன்சல் பண்ணிட்டு எதாச்சும் சின்ன டீமக் கூப்பிட்டு அம்பது பாயிண்ட் அடிச்சு அனுப்பிடலாம், அதான் புத்திசாலித்தனம்"னு எழுதறதப் பாக்கறப்பதான் மனசு தாங்கல. அதான் இந்தப் பதிவு. நீளமா இருக்கும், படிக்கறவங்க படிங்க.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். பெரிய டீம்னு பேர் வச்சிருக்கற எந்த காலேஜும் வருஷத்துக்கு ஒரு தடவையாச்சும் தன் கான்பரன்ஸுக்கு (தங்களுக்குள்ள ஆடிக்கற காலேஜ்களோட கூட்டம்) வெளிய தனக்குச் சமமான ஒரு டீமோட ஆடணும். ஒரு வருஷம் அவங்க ஊர்ல, அடுத்த வருஷம் நம்ம ஊர்ல. அப்படி ஆடித் தோத்தா அத குத்தமா எழுதக்கூடாது.

இந்த சீசன் என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் ஒரு தடவ வரிசையா வச்சுப் பாருங்க. 12 மேட்ச். எட்டு நம்ம கான்பரன்ஸான எஸ்.இ.சி. குள்ள. மிச்சம் நாலு நாமளே தேர்ந்தெடுக்கறது. அந்த நாலுல ஒண்ணு ஆகஸ்ட் 30, கொலம்பஸ்ல, போன சீசன் சாம்பியன் ஒஹாயோ ஸ்டேட்டோட, அவங்க வீட்டுலயே போயி. 14-7னு தோத்தோம். நம்ம டிஃபென்ஸ் அவங்கள மொத்தமா 203 யார்டுக்குள்ள நிறுத்துச்சு. ஒரு யார்டு கோட்டுல நின்னு, கடைசி முயற்சியான நாலாவது டவுன்ல உள்ள போக முடியல, அதான் மேட்ச். மிச்ச மூணு சான் ஹோசே ஸ்டேட், யூடெப், சாம் ஹூஸ்டன். மூணும் ஜெயிச்சோம், சாம் ஹூஸ்டன 55-0. அப்புறம் ஓக்லஹோமாவ 23-6, வேண்டர்பில்ட்ட 34-31, தோக்காம 11 மேட்ச் ஜெயிச்சு வந்த டெக்ஸஸ் ஏ அண்ட் எம்ம 27-17. ஓக்லஹோமாவும் ஏ அண்ட் எம்மும் ப்ளேஆஃப் உள்ள போயிட்டாங்க. அவங்கள அடிச்ச நாம வீட்டுல. காரணம் என்னன்னா நம்ம கணக்குல மூணு தோல்வி, அவ்ளோதான்.

அந்த மூணுல ஒண்ணு கொலம்பஸ் தோல்வி. அன்னைக்கு அங்க போகாம வேற ஒரு சின்ன டீம ஆஸ்டினுக்குக் கூப்பிட்டிருந்தா 10-2, அதாவது பத்து வெற்றி, ரெண்டு தோல்வி. நம்ம கோச் சார்கீசியனும் இதத்தான் வெளிப்படையா சொன்னார். அவரு சொன்னத ரெண்டு விதமா எடுத்துக்கலாம். "கமிட்டி இத சரியா எடை போடணும்"னு எடுத்துக்கலாம். இல்ல "இனிமே யாரோடயும் மோதாதீங்க"ன்னு எடுத்துக்கலாம். நம்ம ஆளுங்க ரெண்டாவதப் புடிச்சுக்கிட்டாங்க. எனக்கு அதான் புரியல. திருடன் வீட்டுக்குள்ள வந்துட்டான்னா கதவ சரி பண்ணணும், வீட்டையே வித்துட்டுப் போறதா?

நான் 2005 ஆகஸ்ட்ல ஆஸ்டினுக்கு எம்.எஸ். படிக்க வந்தேன். இந்த விளையாட்டப் பத்தி ஒண்ணும் தெரியாது. ரூம்மேட் ஒருத்தன், இப்ப கொலம்பஸ்ல இருக்கான், அவன்தான் ஸ்டூடண்ட் டிக்கெட் வாங்கிக் குடுத்து முதல் மேட்ச்சுக்குக் கூட்டிட்டுப் போனான். லூசியானா-லஃபாயெட்டோட. 60-3. வெயில், கூட்டம், கத்தல், ஆனா மேட்ச்ல உயிரே இல்ல, பாதியிலயே எந்திரிச்சு வந்து தயிர்சாதம் சாப்ட்டுப் படுத்துட்டேன். இதுக்கா இத்தன பேர் அலையறாங்கன்னு நெனச்சேன். அடுத்த சனிக்கிழமை, செப்டம்பர் 10, ஒஹாயோ ஸ்டேட்டோட கொலம்பஸ்ல. எங்க அபார்ட்மெண்ட்ல சின்ன டிவி, ஒம்போது பசங்க, ஒரே ஒரு சோஃபா. கடைசி மூணு நிமிஷம் இருக்கறப்ப நம்ம வின்ஸ் யங் போட்ட பந்த லிமாஸ் ஸ்வீட் விழுந்துக்கிட்டே புடிச்சான் பாருங்க, அந்த நிமிஷம் எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. 25-22. கீழ் வீட்டுக்காரர் வந்து கதவத் தட்டற அளவுக்குக் குதிச்சோம். அந்த வருஷம்தான் ரோஸ் பவுல்ல யு.எஸ்.சி.ய 41-38னு அடிச்சு சாம்பியன் ஆனோம். இந்த இருபது வருஷத்துல என்கிட்ட யாராவது எப்படி இந்த விளையாட்டுக்குள்ள வந்தேன்னு கேட்டா நான் 60-3 மேட்ச்சச் சொன்னதே இல்ல. கொலம்பஸ் மேட்ச்சத்தான் சொல்வேன்.

அடுத்த வருஷம் ஒஹாயோ ஸ்டேட் ஆஸ்டினுக்கு வந்து நம்மள 24-7னு அடிச்சுட்டுப் போனாங்க. அதுவும் ஞாபகம் இருக்கு. வலிச்சுது. ஆனா அன்னைக்கு யாரும் "இவங்கள ஏன் கூப்பிட்டோம்"னு கேக்கல.

சரி, இப்ப கேள்விக்கு வரேன். பதிவு போட்டதும் என்னென்ன கேப்பீங்கன்னு எனக்குத் தெரியும்.

"ஃப்ளோரிடாகிட்ட தோத்தியே, அத சொல்லு"ம்பீங்க. சொல்றேன். 29-21, சீசன் முழுக்க நாலே மேட்ச் ஜெயிச்ச டீம்கிட்ட தோத்தோம். தப்புதான், மோசமான தோல்விதான். யாரு இல்லன்னா? அதுக்கும் ஒஹாயோ ஸ்டேட்டோட ஆடலாமா வேண்டாமாங்கறதுக்கும் என்ன சம்பந்தம்? அந்தத் தோல்விக்குத் தண்டனை குடுங்க, ஏத்துக்கறேன். ஜார்ஜியாகிட்ட 35-10 வாங்குனதுக்கும் குடுங்க. நான் கேக்கறது அந்த முதல் மேட்ச்ச மட்டும்தான்.

"இண்டியானாவப் பாரு"ன்னு ஒரு கூட்டம். அவங்க லூயிவில் டீமோட இருந்த ஒப்பந்தத்தையே கேன்சல் பண்ணாங்க, 2025-ல ஓல்ட் டொமினியன், கென்னசா ஸ்டேட், இண்டியானா ஸ்டேட்னு மூணு டீம ஆடினாங்க, லிஸ்ட் வந்தப்ப 13-0, நம்பர் ஒன். சரிதான், ஆனா அவங்க நம்பர் ஒன் ஆனது கென்னசா ஸ்டேட்ட அடிச்சதாலயா? ஓரிகன அவங்க ஊர்லயே போயி 30-20, கான்பரன்ஸ் ஃபைனல்ல ஒஹாயோ ஸ்டேட்ட 13-10. பெரிய டீமோட மோதி ஜெயிச்சதாலதான் நம்பர் ஒன். அவங்க கான்பரன்ஸான பிக் டென்ல ஒம்போது கான்பரன்ஸ் மேட்ச் வேற இருக்கு. அவங்க டீம் நல்ல டீம், மறுக்கல. ஆனா அவங்க ஷெட்யூலப் பாத்துக் காப்பியடிங்கன்னா நான் ஒத்துக்க மாட்டேன். அவங்க கோச் சிக்னெட்டியே நாங்க எஸ்.இ.சி.காரங்க வழியத்தான் எடுத்துக்கிட்டோம்னு சொன்னார். அது நம்ம மேல விழுந்த அடி. உண்மையான அடி. நவம்பர் 22 அன்னைக்கு அலபாமா ஈஸ்டர்ன் இல்லினாய்ஸோட 56-0, ஏ அண்ட் எம் சாம்ஃபோர்டோட 48-0. சீசன் உச்சத்துல இருக்கறப்ப, வருஷம் பூரா காத்திருந்து குளிருல வந்து உக்கார்ற ஜனங்களுக்கு இதத்தான் காட்டுறாங்க. கேட்டா ப்ளேயர்ஸுக்கு ரெஸ்ட்ங்கறாங்க.

"அலபாமாவும்தான் ஃப்ளோரிடா ஸ்டேட்கிட்ட 31-17னு தோத்தாங்க, அவங்க உள்ள போகலையா?"ன்னு நேத்து ஒருத்தர் கேட்டார். போனாங்க. மூணு தோல்வியோட போனாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, கமிட்டிகிட்டதான் கேக்கணும். அதப் பத்திப் பேச ஆரம்பிச்சா எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும், விடுங்க.

நோட்டர் டேமப் பாருங்க. எனக்கு அவங்க மேல பெரிய பாசமெல்லாம் கெடையாது. முதல் மேட்ச் மயாமி, 27-24. அடுத்தது ஏ அண்ட் எம், 41-40. ரெண்டு தோல்வியும் சேத்து நாலு பாயிண்ட். அதுக்கப்புறம் பத்து மேட்ச் தொடர்ந்து ஜெயிச்சாங்க, அப்படியும் ப்ளேஆஃப்ல இடமில்ல. வெளிய. அந்த ரெண்டு மேட்ச்சுக்குப் பதிலா ரெண்டு கப்கேக் (லேசா ஜெயிச்சிடலாங்கற) டீமக் கூப்பிட்டிருந்தா 12-0. அப்ப நாட்டுல இருக்கற ஒவ்வொரு அத்லெடிக் டைரக்டரும் என்ன கத்துக்குவான்? மோதாதே, ஒளிஞ்சுக்கோ.

இதே கமிட்டிதான் 2023-ல வேற மாதிரி பேசுச்சு, அத மறந்துட்டீங்களா. 2022-ல அலபாமா இங்க வந்தாங்க, 20-19, ஒரே ஒரு பாயிண்ட்ல போச்சு. அடுத்த செப்டம்பர் நாம அவங்க ஊரு டஸ்கலூசா போயி 34-24. கான்பரன்ஸுக்கு வெளிய ஒரு டீம்கிட்ட அலபாமா சொந்த ஊர்ல தோத்தது 2007-க்கு அப்புறம் அதான் முதல் தடவ. அந்த ஒரு வெற்றிதான் டிசம்பர்ல நம்மள ப்ளேஆஃப்போட நாலு டீம்ல ஒண்ணா உள்ள கொண்டு போச்சு. 13-0னு நின்ன ஃப்ளோரிடா ஸ்டேட்ட வெளிய விட்டுட்டு நம்மளச் சேத்தாங்க. அன்னைக்கு நம்ம ஆளுங்க எல்லாம் என்ன எழுதுனீங்க? "தைரியமா ஷெட்யூல் போட்டோம், பலன் கெடச்சுது"ன்னு எழுதுனீங்க, நான் ஷேர் பண்ணேன். பலன் கெடச்சா தைரியம், கெடைக்கலன்னா முட்டாள்தனமா?

சின்ன காலேஜுக்கு காசு வேணும்னு சொல்றவங்க சொல்றத நான் தள்ள மாட்டேன், அது நியாயமான பேச்சு. நார்தர்ன் இல்லினாய்ஸ் 2024-ல நோட்டர் டேம்கிட்ட 14 லட்சம் டாலர் வாங்கிட்டு வந்து, அவங்களையே 16-14னு அடிச்சுட்டுப் போனாங்க. 2007-ல அப்பலேச்சியன் ஸ்டேட் நாலு லட்சம் டாலருக்கு ஆன் ஆர்பர் போயி அஞ்சாவது இடத்துல இருந்த மிச்சிகன 34-32னு தோக்கடிச்சாங்க, கடைசி கிக்க ப்ளாக் பண்ணி. அந்தக் காச வச்சுத்தான் அந்தக் காலேஜ்கள்ல நீச்சல் டீமும் ஓட்டப்பந்தய டீமும் ஓடுது. அதனால ஒண்ணு வையுங்க, பக்கத்து ஊர் காலேஜா பாத்துக் கூப்பிடுங்க, செப்டம்பர்ல வையுங்க. ஆனா மூணு எதுக்கு? நாலும் எதுக்கு?

செப்டம்பர்ல யூடெப் மேட்ச்சுக்கு என் பையனக் கூட்டிட்டுப் போனேன். பதினோரு வயசு. ரெண்டு டிக்கெட், பார்க்கிங், தண்ணி, சாப்பாடுன்னு சேத்தா ஒரு வாரத்து மளிகைக் காசு. 27-10னு ஜெயிச்சோம், அதுலயும் நம்ம ஜனங்களே நம்ம குவார்ட்டர்பேக் (பந்த எறியற மெயின் ப்ளேயர்) ஆர்ச் மேனிங்கப் பாத்து "பூ"ன்னு கேலியாக் கத்துனாங்க, இருபத்தோரு வயசுப் பையன், பாவம். என் பையன் மூணாவது குவார்டர்ல கேட்டான், "அப்பா, நம்ம ஜெயிப்போம்னு எல்லாருக்கும் முன்னாடியே தெரியும்ல, அப்ப ஏன் வந்தோம்?" எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அதே பையன் அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி கொலம்பஸ்ல என்கூட இருந்தான். அந்த ரூம்மேட் வீட்டுல மூணு நாள் தங்கி, அவன் பொண்டாட்டி, தங்கச்சி மாதிரி எனக்கு, இட்லியும் மட்டன் குழம்பும் செஞ்சு போட்டுச்சு. நாங்க ஆரஞ்சு, அவங்க எல்லாம் சிவப்பு. தோத்துட்டுத்தான் வெளிய வந்தோம். பையன் கார்ல அழுதான். அழுதுக்கிட்டே "அடுத்த வருஷம் அவங்க நம்ம ஊருக்கு வருவாங்கல்ல"ன்னு கேட்டான்.

நம்மாளுங்கள்ல சிலர் "இது அமெரிக்கக்காரன் விளையாட்டு, அவன் ஷெட்யூலுக்கு நீ ஏன் இவ்ளோ டென்ஷன் ஆகுற"ன்னு வேற கேக்கறீங்க. ஏன் ஆகக்கூடாது? இருபது வருஷம் இந்த ஊர்ல வாழ்ந்துட்டேன், என் புள்ளைங்க இங்கதான் பொறந்துச்சு. ஊர்ல நான் காலேஜ் வாலிபால் டீம்ல இருந்தவன். எங்க பி.டி. சார் ரெண்டு வருஷம் பக்கத்துல இருக்கற ஒண்ணுமில்லாத டீமோடயே ப்ராக்டீஸ் மேட்ச் வச்சார், பெரிய டீம் கூப்பிட்டா போகவிட மாட்டார், தோத்தா காலேஜ் பேரு கெட்டுரும்பார். எல்லாத்துலயும் ஜெயிச்சோம். ஜோனல் போனோம், முதல் ரவுண்டுலயே நேர் செட்ல போச்சு. எதிர்ல வந்த ஸ்மாஷ் எங்க விழுதுன்னே எங்களுக்குத் தெரியல, அந்த வேகத்த நாங்க அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல. அந்த பஸ் பயணத்துல எங்க கேப்டன் ஒரு வார்த்த பேசாம ஜன்னலப் பாத்துக்கிட்டே வந்தான். எனக்கு இந்த விஷயத்துல கோபம் வர்றதுக்கு அமெரிக்கா காரணம் இல்ல.

2026-ல இருந்து எஸ்.இ.சி.யிலயும் ஒம்போது கான்பரன்ஸ் மேட்ச், அதோட வெளிய ஒரு பெரிய டீமோட கண்டிப்பா ஆடணும்னு 2025 ஆகஸ்ட்லயே முடிவாயிருச்சு. உடனே "ஒம்போதே போதும், இதுல ஒஹாயோ ஸ்டேட் வேறயா"ங்கறீங்க. பெரிய கான்பரன்ஸ்ல இருக்கற பலவீனமான டீமாப் பாத்து ஒண்ண எடுத்து ரூல முடிச்சுக்கலாம்னு ஐடியா வேற குடுக்கறீங்க. ஏ அண்ட் எம்மோட ஆடறத 2011-ல நிறுத்துனப்பவும் இப்படித்தான், எல்லாத்துக்கும் ஒரு கணக்கு சொன்னாங்க, காசுக் கணக்கு, டிவி கணக்கு. 2024 வரைக்கும் அந்த மேட்ச் இல்ல. நடுவுல இங்க படிச்சுட்டுப் போன பசங்க எத்தனயோ பேர் அந்த ஒரு மேட்ச்சப் பாக்காமலே போயிட்டாங்க. அவங்க படிச்ச நாலு வருஷம் திரும்பி வருமா? நிறுத்தறதுக்கு ஒரு கையெழுத்து போதும், திரும்ப ஆரம்பிக்கப் பதிமூணு வருஷம் ஆச்சு.

கமிட்டியத் திட்டுங்க, நானும் கூட நின்னு திட்டறேன். பெரிய டீம்கிட்ட அவங்க ஊர்ல ஒரு டச்டவுன்ல தோத்தத, நாலு மேட்ச் ஜெயிச்ச டீம்கிட்ட தோத்ததோட ஒரே தட்டுல வைக்காதீங்கன்னு கேளுங்க. சின்ன டீமோட அடிச்ச 55 பாயிண்டுக்கு மதிப்பு இல்லன்னு ரூல் போடச் சொல்லுங்க. மெயில் எழுதுங்க, டிக்கெட் புதுப்பிக்க மாட்டேன்னு சொல்லுங்க. மேட்ச்ச மட்டும் கேன்சல் பண்ணச் சொல்லாதீங்க.

ஒஹாயோ ஸ்டேட் ஆஸ்டினுக்கு வர்ற நாள் செப்டம்பர் 12, 2026. சனிக்கிழமை. கொலம்பஸ்ல இருந்து அந்த ரூம்மேட் குடும்பத்தோட எங்க வீட்டுக்கு வர்றதா இருக்கான். மாடி ரூம காலி பண்ணிவச்சாச்சு. போன வாரமே என் வீட்டுக்காரிகிட்ட போன்ல பேசி தங்கச்சி என்னென்ன சமைக்கறதுன்னு லிஸ்ட் போட்டுருச்சு. நேத்து ராத்திரி அவன் போன் பண்ணி, "என்னடா மாப்ள, உங்காளுங்க மேட்ச்ச கேன்சல் பண்ணணும்னு எழுதறாங்களாமே, நெசமா?"ன்னு கேட்டான். இல்லடா, சும்மா கோபத்துல பேசறாங்கன்னு சொல்லி வச்சேன். பையன் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தான்.