இன்னும் 45 நிமிடமாம்!

விமானம் தாமதமானால் எனக்குக் கோபமே வராது. மூடுபனி வரும், இடி மின்னல் வரும், காக்பிட்டில் ஏதோ ஒரு எச்சரிக்கை விளக்கு எரியும். கிளம்புவதற்கு முன்பே பழுதைக் கண்டுபிடித்து நிறுத்தி வைத்தார்கள் என்றால் கையெடுத்துக் கும்பிடுவேன். என் வயிற்றெரிச்சல் எல்லாம் பலகையில் போடுகிறார்களே, அந்த ‘இன்னும் 45 நிமிடம்’, அதன்மீதுதான். 45 நிமிடம் முடியும்போது இன்னொரு 45 நிமிடம். அதுவும் முடியும்போது, வெட்கமே இல்லாமல், இன்னொன்று. கேஸை இழுத்தடிக்கிற வக்கீல் மாதிரி வாய்தா மேல் வாய்தா வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஐந்து மணி நேரம் ஆகும் என்றால் ஐந்து மணி நேரம் என்று முதலிலேயே சொல்லித் தொலையுங்களேன்! ஒரு மூலை பார்த்துப் படுத்துத் தூங்குவேன். நிம்மதியாகச் சாப்பிடுவேன். அந்தப் பக்கம் காத்திருக்கும் கிளையண்ட்டுக்கு, இன்று முடியாது, நாளை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு மெயில் தட்டுவேன். அவரும் தன் வேலையைப் பார்ப்பார். நீங்கள் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுக்கும் முக்கால் மணி நேரத்தில் இதில் ஒன்றுகூட நடக்காது. கழிவறைக்குப் போவதற்கே யோசனையாக இருக்கிறது. போன நேரம் பார்த்து போர்டிங் தொடங்கிவிட்டால்?

இதில் கொடுமை என்னவென்றால், உண்மை அவர்களுக்குத் தெரியும். நாம் ஏற வேண்டிய விமானம் வேறு ஏதோ ஊரிலிருந்து வந்து சேர வேண்டும். அது எங்கே இருக்கிறது என்பதை ஃபிளைட்ரேடார்24 செயலி வைத்திருக்கும் யாரும் போனிலேயே பார்க்கலாம். நானும் பார்த்தேன். பலகை 45 நிமிடம் என்று சத்தியம் செய்துகொண்டிருந்த அதே நேரத்தில், எங்கள் விமானம் முந்தைய ஊரில் தரையை விட்டே எழும்பவில்லை. அது அங்கே கிளம்பி, இங்கே வந்து இறங்கி, ஆட்களை இறக்கி, குப்பையை வாரி, எரிபொருள் நிரப்பி, எங்களை ஏற்றுவதெல்லாம் முக்கால் மணி நேரத்தில் நடக்குமா? இந்தக் காரணத்துக்கென்றே விமானத் துறையில் தனியாக ஒரு எண் இருக்கிறது. விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டா வகுத்த தாமதக் குறியீடுகளில் 93 என்றால், முந்தைய பயணத்திலிருந்து விமானமே தாமதமாக வந்தது என்று அர்த்தம். ஆக, உள்ளே கணக்கெழுதும்போது காரணம் துல்லியமாகத் தெரிகிறது. மைக்கைப் பிடித்து நம்மிடம் சொல்லும்போது மட்டும் அது ‘ஆபரேஷனல் ரீசன்ஸ்’ ஆகிவிடுகிறது.

சரி, அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. வானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் கொடுக்கும் புறப்பாட்டு நேரம் சில சமயம் திடீரென்று முன்னால் வந்துவிடும். அப்போது பயணிகள் நாலா பக்கமும் சிதறிக் கிடந்தால் வாய்ப்பு போய்விடும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விமானமே வந்து சேராதபோது எதில் ஏற்ற இந்தக் காவல்?

கேட்டில் நின்ற பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஒரு கையில் வாக்கி டாக்கி, இன்னொரு கையால் கீபோர்டைத் தட்டிக்கொண்டே, தன்னைச் சுற்றி ஆறேழு பேர் ஒரே நேரத்தில் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். பலகையில் எங்களுக்குக் காட்டிய அதே நேரம்தான் அவருடைய திரையிலும் இருந்தது. எங்கோ ஒரு கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் உண்மையை மறைத்துக்கொண்டு, திட்டு வாங்குவதற்கு மட்டும் இந்தப் பெண்ணை முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். நடுவில் உணவுக் கூப்பன் வேறு கொடுத்தார்கள். அதில் பெயர் போட்டிருந்த கடையைத் தேடிப் போனால், ஷட்டர் இறக்கிப் பூட்டியிருந்தது. பக்கத்துக் கடையில் அந்தக் கூப்பன் செல்லாதாம்.

ஒருவழியாக ஏற்றினார்கள். பெல்ட் போட்டு, கதவையும் சாத்திய பிறகு, விமானியின் பணி நேரம் முடிந்துவிட்டது என்று எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். அந்த வரம்பு பாதுகாப்புக்காக வைத்தது, தூக்கக் கலக்கத்தில் ஒருவர் ஓட்டுவதை நானும் விரும்பவில்லை. ஆனால் அவருடைய நேரம் எப்போது முடியும் என்பது அவர் வேலைக்கு வந்து கையெழுத்துப் போட்டபோதே தெரியாதா?

சுற்றுலாவாக இருந்தால் ஒரு நாள் போனால் போகிறது என்று விட்டுவிடலாம். அலுவலகப் பயணம், அதுவும் நாடு நாடாகப் போகும் வாரக்கணக்கான பயணம் என்றால் கதையே வேறு. ஒவ்வொரு சந்திப்பும் அடுத்ததோடு கோத்து வைத்தது. முதல் விமானம் நழுவினால் மீதி எல்லாம் வரிசையாக நழுவும். இதில் எங்கள் டிராவல் டெஸ்க் செய்த புண்ணியம் தனி. ஏதோ கொஞ்சம் மிச்சமாகிறது என்று, தொடர் பயணத்தை ஒரே டிக்கெட்டாகப் போடாமல் இரண்டு கம்பெனிகளில் தனித்தனி பிஎன்ஆராகப் போட்டார்கள். ஒரே டிக்கெட் என்றால், இணைப்பைத் தவறவிட்டவனை ஊர் கொண்டு போய்ச் சேர்ப்பது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி என்றால் இரண்டாவது கம்பெனியைப் பொறுத்தவரை நீங்கள் வெறும் ‘நோ ஷோ’, அதாவது சொல்லாமல் வராமல் போனவர். அதோடு விட்டார்களா? அதே டிக்கெட்டில் இருந்த திரும்பும் பயணத்தையும் சேர்த்து ரத்து செய்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய இருக்கை! நான் போகும்போது வரவில்லையாம், அதனால் திரும்பும்போதும் உட்காரக் கூடாதாம். இந்த விதியை எழுதியவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் நேரில் போய்ப் பார்க்க ஆசை. தாமதமில்லாமல் கொண்டு போய்ச் சேர்க்கும் வண்டிதான் கிடைக்க வேண்டும்.

அப்புறம் விசா. நள்ளிரவில் ஹோட்டல் தருகிறோம் என்று பெருந்தன்மையாகச் சொல்வார்கள். ஹோட்டலோ குடிவரவுச் சோதனையைத் தாண்டி வெளியே இருக்கும். வெளியே போக அந்த நாட்டு விசா வேண்டும், அது கையில் இருக்காது. ஆக, விசா தேவைப்படாத பாஸ்போர்ட்காரர்கள் பேருந்தில் ஏறி மெத்தைக்குப் போவார்கள்; மற்றவர்கள் நடுவில் கைப்பிடி வைத்த அந்த இரும்பு நாற்காலிகளில் உடம்பை எட்டாக மடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். விடிந்ததும் மாற்று வழி என்று ஒன்றைக் காட்டினார்கள், அமெரிக்கா வழியாக. அங்கே விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் எங்களைப் போன்றவர்களுக்கு விசா வேண்டும் என்பது டிக்கெட் போட்டவருக்குத் தெரியவில்லை. நான்தான் பாடம் எடுத்தேன்.

சட்டம் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ இழப்பீடு உண்டு. மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் அது பொருந்தும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2009இல் சொல்லிவிட்டது. சக்கரம் தரையைத் தொட்ட நேரத்தைப் போய்ச் சேர்ந்த நேரமாகக் காட்டிப் பார்த்தார்கள்; கதவு திறக்கும் நேரம்தான் கணக்கு என்று 2014இல் தீர்ப்பு வந்தது. சாதாரண இயந்திரக் கோளாறை ‘அசாதாரண சூழ்நிலை’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்பது அதற்கும் முன்பே, 2008இல். படிக்கப் படிக்க இனிக்கிறது, இல்லையா? ஆனால் இது கிடைக்க ஐரோப்பாவிலிருந்து கிளம்ப வேண்டும், அல்லது ஐரோப்பிய நிறுவனத்தின் விமானத்தில் அங்கே போய் இறங்க வேண்டும். என் பயணம் இரண்டிலும் சேரவில்லை. மற்றவர்களுக்கு, சர்வதேச விமானப் பயணங்களுக்கான மாண்ட்ரீல் உடன்படிக்கை இருக்கிறது. தாமதத்தால் ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஆளுக்கு 6,303 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரை கேட்கலாம். 2024 டிசம்பர் 28 முதல் இதுதான் உச்ச வரம்பு. ஆனால் என்ன நஷ்டம் என்பதை ரசீதோடு நிரூபிக்க வேண்டும். தவறிப்போன ஒப்பந்தத்துக்கு எந்தக் கடையில் ரசீது தருவார்கள்?

பெட்டி வந்து சேராததைப் பற்றிப் பேசினால் இன்னொரு இரவு போகும். சட்டை, கோட்டு எல்லாம் அதில். கசங்கிய டி ஷர்ட்டோடு போர்டு ரூமில் உட்கார்ந்தேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படும். தாமதமாக வந்த பெட்டிக்கு, அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். சேதமான பெட்டிக்கு 7 நாள்தான். இதைக் கவுண்டரில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இதற்கு நடுவே மேனேஜரிடமிருந்து ஒரு மெசேஜ்: “ஏர்போர்ட்டில் சும்மாதானே இருக்கிறீர்கள், அந்த பிரசன்டேஷனை முடித்து அனுப்பிவிடுங்களேன்.” சும்மாவாம்! அங்கே வைஃபைக்கு ஓடிபி வேண்டும், ஓடிபி வர அந்த ஊர் சிம் வேண்டும், சிம் வாங்க வெளியே போக வேண்டும், வெளியே போக விசா வேண்டும். இருந்த ஒரே பிளக் பாயின்ட்டில் ஒரு குடும்பமே குடியிருந்தது.

திரும்பி வந்து செலவுக் கணக்கை நீட்டினால், நான் தவறவிட்ட விமானத்துக்கும் ஃபைனான்ஸ் போர்டிங் பாஸ் கேட்கிறது. ஏறியிருந்தால் ஏனய்யா கணக்கு நீட்டுகிறேன்? விமான நிறுவனத்திடமிருந்து தாமதச் சான்றிதழ் வாங்கிவரச் சொல்கிறார்கள். விண்ணப்பித்தேன், வந்தது. காரணம் என்ற இடத்தில் ‘ஆபரேஷனல்’ என்று ஒற்றைச் சொல். எத்தனை மணி நேரம் என்ற இடம் காலி.

அடுத்த பயணத்துக்கு டிக்கெட் போடும்போது எல்லாம் ஒரே பிஎன்ஆரில் இருக்க வேண்டும், நடுவில் குறைந்தது நான்கு மணி நேரம் விட வேண்டும், அன்றைய கடைசி விமானம் வேண்டவே வேண்டாம் என்று டிராவல் டெஸ்க்குக்கு எழுதி அனுப்பினேன். பாலிசியில் அதற்கு இடமில்லை, மலிவான டிக்கெட்தான் போட முடியும் என்று பதில் வந்தது. ஹோட்டலுக்கும் மாற்று டிக்கெட்டுக்கும் ஆன செலவுப் பட்டியலை அதே மெயிலில் இணைத்து, அவர்களுடைய மேலதிகாரியையும் சேர்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.