கோ கம்பைலர் பற்றி ஒரு திருத்தம்

கோ (Go) என்பது கூகுள் உருவாக்கிய நிரல்மொழி; கம்பைலர் என்பது எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் மென்பொருள். "கோ கம்பைலரைக் கோ மொழியிலேயே எழுதியதும் வேகம் கூடியது, வெளிக்கருவி எதுவும் தேவையில்லாமல் போனது" என்று சொல்வது இரண்டு இடத்திலும் தவறு.

சி மொழியிலிருந்து கோவுக்கு மாறியது 2015 ஆகஸ்டில் வந்த 1.5 பதிப்பில். கையால் புதிதாக எழுதவில்லை. பழைய சி நிரலைக் கருவி வைத்துத் தானாக மொழிபெயர்த்தார்கள். அதனாலேயே கம்பைல் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. இதை வெளியீட்டுக் குறிப்பிலேயே கூகுள் குழு ஒளிக்காமல் எழுதியது. 1.7இல் புதிய பின்முனை (கம்பைலரில் இயந்திர நிரலை உருவாக்கும் பகுதி) வந்த பிறகு, 64 பிட் இன்டெல் வகைச் சிப்களில் உருவாகும் நிரல்கள் 5 முதல் 35 சதவீதம் குறைவான சிபியு நேரம் எடுத்தன. அது பின்முனையின் பலன், மொழி மாற்றத்தின் பலன் அல்ல.

வெளிக்கருவி விஷயம் இன்னும் முக்கியம். கோ கம்பைலரை மூல நிரலிலிருந்து கட்ட, ஏற்கெனவே ஓடும் ஒரு பழைய கோ பதிப்பு வேண்டும். 1.5 முதல் 1.19 வரையிலான பதிப்புகளைக் கட்ட 1.4 போதும், 1.20க்கு 1.17.13, 1.22க்கு 1.20 வேண்டும். அதன் பாதையை கோரூட்_பூட்ஸ்ட்ராப் (GOROOT_BOOTSTRAP) என்ற சூழல் மாறியில் கொடுங்கள். சி கம்பைலர் மட்டும் உள்ள கணினியில், சி மொழியில் எழுதப்பட்ட கடைசிப் பதிப்பான 1.4இல் தொடங்கி இப்படிப் படிப்படியாகத்தான் ஏற வேண்டும். நேரே 1.22ஐக் கட்டப் போனால் தொடக்கத்திலேயே நின்றுவிடும்.

சொந்த மொழியில் எழுதியதில் உண்மையான லாபம் பராமரிப்பில்தான்: கம்பைலரைத் திருத்துகிறவருக்குச் சி தெரிந்திருக்க வேண்டியதில்லை, கோவின் சோதனைக் கருவிகளும், நிரலில் நேரம் எங்கே செலவாகிறது என்று காட்டும் புரொஃபைலரும் அதற்கே பயன்படுகின்றன.