சத்தம் வராவிட்டால் பெட்ரோல் பம்ப் போச்சா?
"சாவியைத் திருப்பியதும் பின்சீட்டுக்கு அடியில் 'உய்ங்' சத்தம் வராவிட்டால் பெட்ரோல் பம்ப் போய்விட்டது, உடனே மாற்றுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) வைத்த பழைய மாருதி 800, அம்பாசிடரில் அந்தச் சத்தம் வரவே வராது. அவற்றின் பம்ப் என்ஜின் ஓடும்போதுதான் அதோடு சேர்ந்து இயங்கும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் (மின்சார பம்ப் பெட்ரோலைத் தள்ளும் வண்டி) ஓரிரு நொடி சத்தம் கேட்க வேண்டும், சரி. கேட்காவிட்டாலும் முதலில் ஃபியூஸ், ரிலே (பம்புக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்), அப்புறம் எர்த் வயர் (வண்டி பாடியில் போல்ட் போட்டு மாட்டிய வயர்) பாருங்கள். மண்டபம், பாம்பன் உப்புக்காற்றில் நிற்கும் வண்டியில் எர்த் போல்ட்டைக் கழற்றினால் முனையில் பச்சை பூத்திருக்கும். பேட்டரி வயரை எடுத்துவிட்டு, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து இறுக்கி மாட்டுங்கள். பல நேரம் 'உய்ங்' திரும்பிவிடும். தயவுசெய்து, இதைப் பார்க்காமல் ஆயிரக்கணக்கில் கொடுத்து பம்பை மாற்றாதீர்கள்.