தலைக்கு எவ்வளவு?

தங்கச்சிக்குக் கல்யாணம் மலையகத்தில், எங்கள் ஹட்டனில். வரவேற்பு மட்டும் கொழும்பில் வேண்டுமாம், மாப்பிள்ளை வீட்டாரின் ஆசை. சரி என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக கினிகத்தேனை, கித்துல்கல வளைவுகளில் குடல் புரள இறங்கி மண்டபம் பார்க்கிறேன்.

எங்கே போனாலும் முதல் கேள்வி, “எத்தனை பேர்?” எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பத்திரிகை வைத்தால் லயமே, அதாவது அந்த வரிசை வீடுகள் மொத்தமுமே வரும், நான் எந்தத் தலையை எண்ணிச் சொல்வது? குறைந்தது 200 பேருக்காவது காசு கட்ட வேண்டுமாம், வந்தாலும் வராவிட்டாலும். தலைக்கு ஒரு விலை சொல்வார்கள். மனக்கணக்குப் போட்டு மூச்சு விடுவதற்குள் “ப்ளஸ் ப்ளஸ்” என்பார்கள். முதல் ப்ளஸ் 10 சதவீத சேவைக் கட்டணம். அடுத்தது 18 சதவீத வற் வரி, அதுவும் அந்தச் சேவைக் கட்டணத்தையும் சேர்த்து! நூறு ரூபாய் கிட்டத்தட்ட நூற்றுமுப்பது ஆகிவிடுகிறது. அதை முதலிலேயே சொன்னால் வாய் வலிக்குமா?

போயா நாளென்றால், அதாவது பௌர்ணமி விடுமுறையென்றால், மது கிடையாது. அதில் எனக்கு நிம்மதி, மாமாமார்களுக்குத்தான் துக்கம்.

இரவு பதினொன்றுக்கு மண்டபத்தை மூடுவார்களாம். அப்புறம் ரெண்டு பஸ் சனத்தோடு மலையேறி, விடியக்காலையில் வீடு சேர்ந்து, ஆறரைக்கு அம்மா கொழுந்து பறிக்கப் போகணும்.